விருத்தாசலத்துல ஒரு பூட்டின ரூம்!

"மச்சி, உன்னை ஒரு ரூம்ல போட்டுப் பூட்டணும். எப்போ ஃப்ரீ?"

போன்ல ஒருத்தன் இப்படிக் கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? நான் டிக்கெட் போட்டேன். எழும்பூர்ல ஏறி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டினா விருத்தாசலம் ஜங்ஷன். திருச்சி, சேலம், கடலூர்னு தண்டவாளம் பிரியுற ஊர். நிறைய பேர் இந்த ஊரை ரயில் ஜன்னல் வழியா மட்டும்தான் பார்த்திருப்பீங்க. இறங்கிப் பாருங்க பாஸ், மேட்டர் இருக்கு.

கூப்பிட்டவன் ப்ளஸ் டூ-ல என் ஹாஸ்டல் ரூம்மேட். நான் இன்ஜினீயரிங் பக்கம் போயிட்டேன், அவன் செராமிக் டிப்ளமோ சேர்ந்துட்டான். (செராமிக் படிக்கிறதுக்குன்னே தனியா ஒரு அரசுக் கல்லூரி இந்த ஊர்ல இருக்கு, தெரியுமா?) "பேரைப் போட்டே, தொலைஞ்சே!"ன்னு மிரட்டியிருக்கான். அதனால இந்தக் கட்டுரையில அவன் பேரு 'ஜாடி'. ஊறுகாய் ஜாடி ஷேப்ல இருப்பான். பொருத்தமாத்தான் இருக்கும்.

ஜாடியோட அப்பா சின்னதா ஒரு செராமிக் யூனிட் வெச்சிருக்கார். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் போடுற பீங்கான் கட்டை... இதுதான் அவங்க சரக்கு. ஷெட்டுல பாதி இப்போ சும்மா கிடக்கு. அந்தப் பாதியைத்தான் பய 'எஸ்கேப் ரூம்' ஆக்கியிருக்கான். "நீ பத்திரிகையில இருக்கேல்ல? வந்து விளையாடிப் பார்த்து மார்க் போடு. நீ ஓகேன்னா பணம் போட்டுப் பெரிசா பண்ணப் போறேன்"னான். அந்தக் கடைசி வரியை நான் அப்போ சரியா கவனிக்கலை.

ஜப்பான்ல ஆரம்பிச்ச பூட்டு

எஸ்கேப் ரூம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு... ஒரு ரூமுக்குள்ள நாலஞ்சு பேரை விட்டுடுவாங்க. உள்ளே இருக்கிற துப்புகளைக் கண்டுபிடிச்சு, பூட்டு ஒவ்வொண்ணா திறந்து, ஒரு மணி நேரத்துக்குள்ள வெளியே வரணும். முதல்ல இது கம்ப்யூட்டர் கேமாதான் இருந்துச்சு. 2004-ல ஜப்பான்காரர் தோஷிமிட்சு டகாகி போட்ட 'கிரிம்சன் ரூம்' ரொம்பப் பிரபலம். 2007-ல கியோட்டோவுல டகாவோ கட்டோவோட 'ஸ்க்ராப்' நிறுவனம் அதை நிஜ ரூமுக்குக் கொண்டு வந்துச்சு. 2011-ல ஹங்கேரியோட புடாபெஸ்ட்ல 'பாராபார்க்'. அப்புறம் உலகம் முழுக்கப் பரவி, நம்ம சென்னை, பெங்களூரு வரைக்கும் வந்தாச்சு.

சென்னையில நானும் ஒண்ணு போயிருக்கேன். எகிப்து கல்லறை செட்டு. தெர்மாகோல் தூண், பிளாஸ்டிக் மம்மி, ஃபுல் ஏ.சி. நாலு நிமிஷத்துல கோட்டை விட்டோம். வெளியே வந்து செல்ஃபி எடுத்தோம். அடுத்த வாரம் அந்த ரூம்ல என்ன இருந்துச்சுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை. விருத்தாசலத்துல என்ன பெரிசா இருந்துடப் போகுதுன்னுதான் நினைச்சுட்டுப் போனேன்.

ஒளிச்சு வெச்ச ஊர்

ஸ்டேஷன்ல இருந்து ஜாடி நேரா பழமலைநாதர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனான். "இங்கே எல்லாமே அஞ்சு மச்சி. எண்ணிக்கோ"ன்னான். அஞ்சு கோபுரம், அஞ்சு பிராகாரம், அஞ்சு நந்தி, அஞ்சு கொடிமரம், அஞ்சு தேர்... தேடித் தேடி எண்ணினதுல ஒரு மணி நேரம் போனதே தெரியலை. பதினெட்டு படி கீழே இறங்கினா ஆழத்துப் பிள்ளையார். கோடை வெயில்ல வந்தவனுக்கு ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமா குளிர்ச்சி. அது தனி சுகம்!

இந்த ஊர்க் கதை இன்னும் சூப்பர். சுந்தரருக்கு இங்கே சிவன் 12,000 பொன் கொடுத்தாராம். வழியில கொள்ளை போயிடுமேன்னு சுந்தரர் பயந்தார். "மணிமுத்தாற்றுல போடு, திருவாரூர்க் குளத்துல எடுத்துக்கோ"ன்னார் சிவன். சுந்தரர் உஷார் பார்ட்டி. அங்கே கிடைக்கிறது இதே பொன்தானான்னு செக் பண்ண, ஓரத்துல துளி வெட்டி சாம்பிள் எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் ஆற்றுல போட்டாராம். ஆற்றுல போட்டுக் குளத்துல தேடுறதுன்னு நாம சொல்றோமே, அது இந்தக் கதைதான். புதையல், துப்பு, ஒத்துப் பார்க்க சாம்பிள்... ஒரு எஸ்கேப் ரூமுக்கு வேற என்ன பாஸ் வேணும்?

உள்ளே போனோம்

நாங்க நாலு பேர். நான், ஜாடியோட கிளாஸ்மேட்ஸ் ரெண்டு பேர், பக்கத்து வீட்டு ப்ளஸ் ஒன் பாப்பா ஒண்ணு. கதை இதுதான்: கடைசி லோடு ஏத்த லாரி வரப் போகுது. எந்த ஊருக்கு அனுப்பணும்ங்கிற ஆர்டர் பேப்பரை முதலாளி பெட்டியில வெச்சுப் பூட்டிட்டு எங்கேயோ போயிட்டார். டைம் 45 நிமிஷம். ஜாடி ஷட்டரை இறக்கிட்டான்.

முதல் புதிர்: அலமாரி நிறைய வெள்ளை ஃபியூஸ் கட்டை. எல்லாம் ஒரே மாதிரி. எது 'தப்பு'ன்னு கண்டுபிடிக்கணும். நாங்க மூணு பேரும் அளவு, கலர், கீறல்னு பார்த்துட்டே இருந்தோம். பாப்பா ஒரு ஸ்பூனை எடுத்து வரிசையா தட்டிச்சு. டிங், டிங், டிங்... டொக்! விரிசல் விட்டதோட சத்தம் மட்டும் செத்துப் போயிருந்துச்சு. சந்தையில சட்டி வாங்கும்போது ஆயா தட்டிப் பார்ப்பாங்களே, அதே டெக்னிக். அந்தக் கட்டைக்குள்ளே ஒரு சாவி.

ரெண்டாவது: சுவத்துல "பத்து போனா எவ்வளவு வரும்?"னு எழுதியிருந்துச்சு. பெர்முடேஷன், பைனரின்னு நான் பத்து நிமிஷம் பேப்பரை வீணாக்கினேன். மேஜை மேலே ரெண்டு களிமண் பட்டை இருந்துச்சு, ஒண்ணு பச்சை மண், இன்னொண்ணு சுட்டது. ஒரே அச்சுல எடுத்த ரெண்டுலயும் 10 செ.மீ.க்குக் கோடு போட்டிருக்கு. சுட்டதை ஸ்கேல் வெச்சு அளந்தா 8.8 செ.மீ. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும், அவ்ளோதான். பூட்டுக்கு 88. திறந்துச்சு! மூணு வருஷமா இன்ஜினீயரிங் படிக்கிறவன் ஸ்கேலை எடுக்கவே மறந்துட்டேன் பாருங்க.

மூணாவதுதான் சொதப்பல். ஆன்லைன்ல வாங்கின யூ.வி. டார்ச், எழுத்துக்கு நம்பர் மாத்துற பழைய ரகசிய மொழி, மூலையில ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல பார்த்ததுதான். ஆற்றுல போட்ட பொன்னைக் குளத்துல எடுத்த ஊர்ல எலும்புக்கூடு எதுக்குடா?

கரன்ட் கட்!

நாலாவது புதிர்ல இருந்தோம். டப்புனு கரன்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு. கும்மிருட்டு. தகர ஷெட், சித்திரை வெயில்... உள்ளே எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. "ஜாடி... திறடா!"ன்னு கத்தினோம். பதில் இல்லை. எங்களுக்கு போண்டா வாங்க, வெளியே பூட்டைப் போட்டுட்டு பய கடைக்குப் போயிருக்கான்!

முதல் ரெண்டு நிமிஷம் சிரிச்சோம். அப்புறம் பாப்பா மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ஷட்டரைத் தட்டித் தட்டிக் கை வலிச்சுது. எனக்கு அப்போ ஞாபகம் வந்தது போலந்துல இருக்கிற கொஷாலின். 2019 ஜனவரியில அங்கே ஒரு எஸ்கேப் ரூம்ல பர்த்டே பார்ட்டிக்குப் போன அஞ்சு பொண்ணுங்க இறந்துட்டாங்க. எல்லாருக்கும் 15 வயசு. ஹீட்டர்ல கேஸ் கசிஞ்சு தீ, உள்ளே இருந்து வெளியே வர வழி இல்லை. அதுக்கப்புறம் அந்த நாடு முழுக்க சோதனை நடத்தி நிறைய ரூம்களை மூடினாங்க. அதை நான் யார்கிட்டேயும் சொல்லலை. பாப்பா கையை மட்டும் பிடிச்சுக்கிட்டேன்.

ஏழு நிமிஷம். மதியச் சாப்பாடு முடிச்சு வந்த ஜாடியோட அப்பா சத்தம் கேட்டு, கம்பியால பூட்டை உடைச்சார். எல்லாரையும் உட்கார வெச்சுத் தண்ணி கொடுத்தார். போண்டாவோட வந்த ஜாடிக்கு என்ன கிடைச்சதுன்னு நான் எழுத வேண்டியதில்லை!

ரீசெட் இல்லாத ரூம்

"எந்தப் புதிர்ல நின்னீங்க தம்பி?"ன்னு கேட்டார் அப்பா. காட்டினோம். களிமண் மேடையில மூணு குட்டிக் கூம்பு. ஒண்ணு உருகிப் படுத்துடுச்சு, ஒண்ணு வளைஞ்சு தலை குனிஞ்சு நிக்குது, ஒண்ணு விறைப்பா நிக்குது. அடியில நம்பர். நான் மூணையும் கூட்டிட்டு இருந்தேன்.

அவர் சிரிச்சுட்டே, "படுத்தது தாண்டிப் போனது. நிக்கிறது இன்னும் வராதது. தலை குனிஞ்சது மட்டும்தான் இப்போ சூளை எங்கே இருக்குன்னு சொல்லும்"னார். பெர்லின்ல ஹெர்மன் சேகர் 1886-ல கொண்டு வந்த டெக்னிக் இது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு ரெண்டையும் சேர்த்து அந்தக் கூம்பு உள்வாங்கிக்கும். சூளைக் கதவுல இருக்கிற சின்ன ஓட்டை வழியா, தலை குனியுதான்னு பார்த்துட்டே இருக்கணும். வெறும் தெர்மாமீட்டரால அது முடியாது.

பக்கத்து ஷெட்டுல சூளையைக் காட்டினார். ஆள் உள்ளே போய் அடுக்குற சைஸ். "இதுவும் பூட்டுற ரூம்தான் தம்பி. ஆனா இங்கே சீக்கிரம் கதவைத் திறந்தவன் தோத்தான்"னார். ஏன்னா, மண்ணோட சேர்க்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில சட்டுனு விரியும். ஆறும்போது அதே இடத்துல சட்டுனு சுருங்கும். அவசரப்பட்டுத் திறந்தா குளிர்காத்து பட்டு, லோடு முழுக்க விரிசல். "உங்க விளையாட்டுல தோத்தா திரும்ப அடுக்கி வெச்சுடலாம். எனக்கு அது கிடையாது."

சென்னை ரூம்ல பூட்டை யாரோ எனக்காக மாட்டி வெச்சாங்க. இவர் முப்பது வருஷமா திறக்கிறது யாருமே மாட்டாத பூட்டு. மம்மி மறந்து போச்சு. அந்த 'டொக்' சத்தமும் 8.8-ம் தலை குனிஞ்ச கூம்பும் எனக்கு இன்னும் மறக்கலை.

மார்க் ஷீட்

ராத்திரி மொட்டைமாடியில ஜாடி கேட்டான். "சொல்லு. போடலாமா?" அப்போதான் விஷயம் புரிஞ்சுது. சூளையோட உள் கல் தேய்ஞ்சுடுச்சு. கார்த்திகை சீசனுக்கு முன்னாடி மாத்தணும்னு அப்பா சேர்த்து வெச்ச பணம் இருக்கு. அதைக் கேட்டு வாங்கி, ரூமைப் பெரிசாக்கலாம்னு பிளான். நான் 'சூப்பர்'னு சொன்னா, நாளைக்கே கேட்டுடுவான்.

ஃப்ரெண்டுக்கு மார்க் போடறது எக்ஸாம் எழுதறதைவிடக் கஷ்டம் பாஸ். ஆனாலும் போட்டேன்.

ஐடியா: 9/10
மண்ணைப் பத்தின புதிர்கள்: 9/10
டார்ச், எலும்புக்கூடு: 2/10
கதை: 6/10 (ஊர்லயே இதைவிட நல்ல கதை இருக்கு)
பாதுகாப்பு: 0

"சூளைப் பணத்தைத் தொடாதே. சூளை நின்னா உன் ரூம்ல புதிரே இல்லை, வெறும் பூட்டுதான்"னு சொன்னேன். ஜாடி பேசவே இல்லை. மறுநாள் ஸ்டேஷன்ல பைக்கை நிறுத்திட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டான். ரயில் முழுக்க எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது.

நீங்க போறதுக்கு முன்னாடி...

எந்த ஊர் எஸ்கேப் ரூமா இருந்தாலும் சரி, டிக்கெட் வாங்கும் முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. கதவை உள்ளே இருந்து எங்களால திறக்க முடியுமா? கரன்ட் போனா எமர்ஜென்ஸி லைட் எரியுமா? விளையாடுற நேரம் முழுக்க யாராவது எங்களைப் பார்த்துட்டே இருப்பாங்களா? ரெண்டாவது வழி எங்கே இருக்கு? பதில் சொல்லத் தயங்கினா, அந்தக் காசுல பிரியாணி சாப்பிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.

எட்டு நாள் கழிச்சு ஒரு போட்டோ வந்துச்சு. ஷட்டர் கொக்கியை அறுத்துக் கீழே போட்டிருந்தான். பக்கத்துல எலும்புக்கூடு, குப்பைத் தொட்டியில தலைகீழா! கீழே ஒரே ஒரு வரி:

"அப்பா சூளைக்குக் கல் ஆர்டர் பண்ணிட்டார். கார்த்திகை லோடு அடுக்க ஆள் வேணும், லீவு போட்டுட்டு வா. ஜீரோ போட்டதுக்குத் தண்டனை!"

போகத்தான் போறேன்.