வாடிக்கை

வாடிக்கை என்னும் சொல்லுக்கு வழக்கம் என்பது பொருள். ஒரு கடைக்கு வழக்கமாகச் செல்பவர் அக்கடையின் வாடிக்கையாளர். பொருளும் பணமும் கைம்மாறியதும் அன்றைய வாணிகம் முடிந்துவிடுகிறது. மறுநாளும் அதே கடையின் படியை ஏறுகிறோமே, அங்கேதான் வாடிக்கை பிறக்கிறது. சரக்கு நன்றாயிருக்கும், நிறை குறையாது, கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கையே முன்னெல்லாம் அதற்குப் போதுமானதாய் இருந்தது. இப்போது மற்றொரு நம்பிக்கையும் அதனோடு சேர்ந்துகொண்டது. நாம் எழுதிக் கொடுத்த பெயரும், பிறந்த நாளும், வீட்டு முகவரியும், தொலைபேசி எண்ணும் அக்கடையாரிடம் பத்திரமாக இருக்கும் என்பதே அது. அதன்மேல் அடி விழுந்தால் கடை என்னாகும், வாடிக்கையாளர் என்னாவார் என்பதை 2025-ஆம் ஆண்டில் இங்கிலாந்து கண்டது.

எங்கள் தமக்கையின் மகள் அந்நாட்டில் லீட்ஸ் நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். குடியேறிய ஊரில் ஒரு கடை பழக்கமாவது ஓர் உறவு கிடைப்பதற்கு ஒப்பானது என்பதைத் தில்லிவாசிகளாகிய நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குப் பழக்கமான கடை மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர். இரவுப்பணி முடிந்து திரும்பும் வழியில் பாலும் ரொட்டியும் அங்கேதான் வாங்குவாள். பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் அங்கேதான். ஸ்பார்க்ஸ் என்னும் அக்கடையின் வாடிக்கையாளர் அட்டையும் அவளிடம் உண்டு.

அக்கடையின் வரலாறே குடியேறிய ஒருவரின் வரலாறாகும். மைக்கேல் மார்க்ஸ் என்னும் யூதர், அந்நாளில் ரஷ்யப் பேரரசின் கீழிருந்ததும் இன்று பெலாரஸ் நாட்டில் உள்ளதுமான ஸ்லோனிம் என்னும் ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. 1884-இல் லீட்ஸ் நகரின் கிர்க்கேட் சந்தையில் ஒரு சிறு கடை போட்டார். விலை கேட்க வேண்டா, எல்லாம் ஒரு பென்னி என்று எழுதி வைத்தார். பேரம் பேச மொழி போதாதவருக்கு இதைவிட நல்ல வழி ஏது? 1894-இல் தாமஸ் ஸ்பென்சர் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். ஸ்பென்சர் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் காசாளராய் இருந்தவர் என்று அறிந்தபோது, இருபது ஆண்டுகளாக அரசுக் கணக்குகளைக் கூட்டியும் கழித்தும் வருகின்ற எங்களுக்குச் சற்றே பெருமிதம் உண்டாயிற்று. கணக்கரின் பெயர் கடைப்பலகையில் ஏறுவது எங்கும் நடப்பதன்று.

2025 ஏப்ரல் 20 ஈஸ்டர் ஞாயிறு. அந்த விடுமுறை நாள்களில் அக்கடைகளில் அட்டையைக் காட்டிப் பணம் செலுத்தும் கருவிகள் சில இயங்கவில்லை; முன்பதிவு செய்த பொருளைப் பெற்றுக்கொள்ள வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். ஏப்ரல் 22-இல் நிறுவனம் தன் கணினிகள் தாக்கப்பட்டதை ஒப்புக்கொண்டது. 25-இல் இணையவழி விற்பனையை நிறுத்தியது. அது மீண்டும் தொடங்கியது ஜூன் 10-இல். அதுவும் சில ஆடைகளுக்கு மட்டுமே. 46 நாள் கடையின் ஒரு கதவு மூடியே கிடந்தது எனலாம்.

பூட்டை உடைத்துச் சரக்கைத் தூக்கிச் செல்லும் திருட்டன்று இது. ரான்சம்வேர் என்று வழங்கும் இம்முறையில், கள்வர் உள்ளே புகுந்து, வேண்டிய விவரங்களைப் படியெடுத்துக்கொண்டு, கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் தாமே ஒரு பூட்டுப் போட்டுப் பூட்டிவிடுகின்றனர். சாவி வேண்டுமானால் பணம் தர வேண்டும். தராவிடில் படியெடுத்ததை வெளியிடுவதாகவும் மிரட்டுவர். வீட்டுக்காரனை வெளியே தள்ளித் தாழிட்டுக்கொண்டு வாடகை கேட்பது போன்றது. நிறுவனத்தின் தலைவர் ஆர்ச்சி நார்மன் 2025 ஜூலையில் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தபோது, பணம் கொடுத்தீர்களா என்ற வினாவுக்கு விடை கூற மறுத்துவிட்டார்.

கள்வர் உட்புகுந்த வழியையும் அவர் அப்போது குறிப்பிட்டார். மூன்றாம் தரப்பு ஒன்றைச் சார்ந்து, வேறொருவராக நடித்து, ஏமாற்றி நுழைந்தனராம். அந்நிறுவனத்துக்குப் பணிசெய்த இந்திய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் பெயரும் அந்நாளில் செய்திகளில் அடிபட்டது. தன் கணினிகளோ பயனர்களோ பாதிக்கப்படவில்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது. எங்களை உறுத்தியது வேறு. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் கோட்டைக்கதவைத் திறக்கப் பீரங்கி தேவைப்படவில்லை. இன்னார் பேசுகிறேன் என்று நம்பும்படி பேசத் தெரிந்த ஒருவர் போதுமாயிருந்தது. ஜூலை 10-இல் இவ்வழக்கில் ஐயத்தின் பேரில் நால்வர் கைது செய்யப்பட்டனர். மூத்தவருக்கு வயது 20, இளையவருக்கு 17. குற்றம் மெய்யா என்பதை நீதிமன்றம் கூறட்டும். அந்த வயதைக் கேட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளையை வைத்திருக்கும் எங்களுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

கடைக்குள்ளே நடந்ததைத் தமக்கை மகள் தொலைபேசியில் விவரித்தாள். எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது, எந்தக் கடைக்கு எது போக வேண்டும் என்று கணக்கிட்டு வந்த கணினிகளை நிறுத்திவிட்டதால் பேனாவும் தாளும் மேசைக்குத் திரும்பின. ஒரு தட்டு வெறுமையாக இருந்தது. மற்றொன்றில் வேண்டாத பண்டம் குவிந்து கிடந்தது. உணவுப் பொருள் வீணானதாக நிறுவனமே பிறகு அறிவித்தது. இருபது ஆண்டுப் பழக்கமுள்ள முதிய விற்பனைப் பெண்மணி ஒருவர், “எனக்குக் கூட்டல் இன்னும் மறக்கவில்லை” என்று சிரித்துக்கொண்டே தாளில் எழுதிக் கூட்டினாராம். வாடிக்கையாளரில் பலர் வெறுந்தட்டைக் கண்டு சினக்கவில்லை; கடைக்காரப் பெண்களுக்கு ஆறுதல் கூறினர் என்றாள். இதைக் கேட்டு நாங்கள் வியப்படையவில்லை. பழகிய கடை நோயுற்றால் நலம் விசாரிக்கத்தானே தோன்றும்?

ஆனால் மே 13-ஆம் நாள் வந்த அறிவிப்பு வேறு வகையானது. வாடிக்கையாளர் விவரங்களும் களவு போயின என்றது அது. பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண், முன்னர் வாங்கியவற்றின் பட்டியல். பணம் செலுத்தும் அட்டைகளின் பயன்படத்தக்க விவரமும் கடவுச்சொற்களும் போகவில்லை என்று நிறுவனம் தேறுதல் கூறியது. ஆயினும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. மாற்றலாம். பிறந்த நாளை எங்கே சென்று மாற்றுவது? “மாமா, சீருடை வாங்கிய கணக்கில் என் பிள்ளைகளின் அளவுகூட இருக்குமே” என்று அவள் சொன்னபோது அக்குரலில் பழைய இரக்கம் இல்லை.

கடையின் இழப்பை எண்ணால் சொல்லிவிடலாம். இயக்க லாபத்தில் ஏறத்தாழ 30 கோடி பவுன் குறையும் என்று மே மாதத்தில் மதிப்பிட்டனர். காப்பீட்டிலிருந்து 10 கோடி பவுன் வந்தது. அவ்வாண்டின் முதல் அரையாண்டு லாபம் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே இறங்கியது. வாடிக்கையாளரின் இழப்புக்கு இத்தகைய பேரேடு இல்லை.

அதே நாள்களில் கோ-ஆப் என்னும் கூட்டுறவுக் கடைகளும் தாக்கப்பட்டன. அவர்கள் விரைந்து தம் கணினிகளைத் தாமே நிறுத்திவிட்டதால் கள்வரால் பூட்டுப் போட இயலவில்லை. ஆயினும் 65 லட்சம் உறுப்பினரின் விவரங்கள் அதற்குள் படியெடுக்கப்பட்டிருந்தன. அக்கடையே ஊருக்கு ஆதாரமாய் இருந்த தொலைதூரத் தீவுகளில் தட்டுகள் காலியானபோது மக்கள் உண்மையிலேயே இடர்ப்பட்டனர். கூட்டுறவில் வாடிக்கையாளரே உரிமையாளர். 1844-இல் ராச்டேல் நகரத் தொழிலாளர் வகுத்த நெறி அது. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும் அந்நெறியின் கிளையே. உரிமையாளரின் வீட்டு முகவரியே களவுபோன நிலையில், நன்றி பாராட்டும் வகையில் நிறுவனம் ஒன்று செய்தது: 40 பவுனுக்குப் பொருள் வாங்கும் உறுப்பினருக்கு 10 பவுன் தள்ளுபடி. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆயினும் பிறந்த நாளுக்கு இவ்வளவுதான் விலையா என்று எங்கள் கணக்கர் புத்தி கேட்காமல் இல்லை.

இதையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று படித்துவிட்டு மடித்து வைக்க எங்களால் இயலவில்லை.

நாங்கள் தில்லிக்கு வந்த புதிதில், இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பின் அருகில் ஒரு லாலாஜி மளிகைக்கடை வைத்திருந்தார். சம்பள நாள் வரை பற்று எழுதிக்கொள்வார். சிவப்புத் துணி அட்டையிட்ட நீண்ட கணக்குப் புத்தகம். மகாஜனி என்னும் வணிகர் எழுத்து. உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு எழுதும் அவ்வெழுத்தை அவருடைய மகனே தட்டுத்தடுமாறித்தான் படிப்பான். எங்கள் கடனும், மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் துவரம்பருப்பு குறைவதும் அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டுமே தெரியும். புத்தகத்தைத் திருடியவனுக்கும் ஒன்றும் விளங்கியிராது. அவர் காலமானபின் கடை மூடப்பட்டது. பின்னர் வந்த பேரங்காடி ஒன்றில் எங்கள் அன்னையாரின் பெயரில் அட்டை எடுத்தோம். பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. தென்னாட்டுப் பண்டங்கள் அங்கே கிடைத்தன என்பது காரணம். முதியோருக்குப் பிறந்த நாள் சலுகை என்பது மற்றொன்று.

2025 தீபாவளிக்குச் சில நாள் முன்னர், நாங்கள் அலுவலகத்தில் இருந்த நேரத்தில், அன்னையாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தமிழ்க்குரல். “அம்மா வணக்கம், கடையிலிருந்து பேசுகிறேன்” என்று தொடங்கி, அவருடைய பெயர், பிறந்த தேதி, வீட்டு எண் மூன்றையும் ஒப்பித்தது. முந்தைய மாதம் வாங்கிய நல்லெண்ணெயும் இட்லி அரிசியும்கூட அதற்குத் தெரிந்திருந்தன. சேர்ந்துள்ள புள்ளிகள் நாளையோடு காலாவதி ஆகின்றன, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால் போதும் என்றது. எழுபத்து நான்கு வயதில், நாள் முழுதும் இந்தியே ஒலிக்கும் ஊரில், தமிழ் பேசும் பிள்ளையைக் கண்டால் அவர் முதலில் கேட்பது எந்த ஊர் என்பதே. கேட்டார். “தஞ்சாவூர்ப் பக்கம், அம்மா.” சாப்பிட்டாயா என்றும் கேட்டார். பிறகு, “என் பிள்ளை ஆறு மணிக்கு வருவான், அப்போது பேசப்பா” என்று வைத்துவிட்டார். ஆறு மணிக்கு எவரும் பேசவில்லை.

பணம் ஒன்றும் போகவில்லை. 1930 என்ற எண்ணில் செய்தியைப் பதிவு செய்தோம். கடைக்கு இரண்டு மடல் எழுதினோம்; விடை இல்லை. தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. விவரம் கசிந்தால் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் கடமை அவற்றில் உண்டு. ஆனால் அக்கடமை நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. கோப்புகள் நகரும் வேகத்தை நன்கறிந்த எங்களுக்கு அதில் வியப்பில்லை. கடையின் கணினியிலிருந்துதான் விவரம் கசிந்தது என்று எங்களால் மெய்ப்பிக்கவும் முடியாது. நல்லெண்ணெய் வாங்கியது வேறு யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்கலாம்.

அன்னையார் அதன்பின் மாறிவிட்டார். முன்பின் அறியாத எண்ணிலிருந்து இந்தியில் எவர் பேசினாலும் பொறுமையாக விடை சொல்வார். தமிழில் பேசினால் கைப்பேசியை அணைத்துவிடுவார். இருபது ஆண்டுகளாக எந்த ஒலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாரோ, அந்த ஒலியே அவருக்கு அச்சமாயிற்று. பேரங்காடியின் மேலாளர் முன் வைத்து இழப்பீடு கேட்க இதற்கு எந்தப் படிவமும் இல்லை.

இவ்வாண்டுப் பொங்கலன்று கோவையிலிருந்து அவர் தங்கையின் பேரன் புதிய எண்ணிலிருந்து அழைத்தான். “பாட்டி, நான்தான்” என்றதும் வழக்கம்போல் அணைத்துவிட்டார். மறுபடி அழைத்தான். “நீ எங்கள் வீட்டுப் பிள்ளையானால், ஊரில் கிணற்றடியில் என்ன மரம் இருந்தது, சொல்” என்று கேட்டார். அந்தக் கிணற்றைத் தூர்த்த பிறகு பிறந்தவன் அவன். பாவம், விழித்தான், தன் தாயை அழைத்துக் கேட்டுவிட்டு மூன்றாம் முறை வந்தான். “நாரத்தை மரம், பாட்டி.” அதன்பின் அரைமணி நேரம் பேசினார்கள். உறவினர் அனைவருக்கும் இப்போது நாரத்தை தெரிந்துவிட்டது என்பதால், தை மாதம் முடியுமுன் கேள்வியை மாற்றிவிட்டார். புதிய கேள்வி எதுவென்று எங்களிடமும் சொல்லவில்லை.