பேச்சு தொடங்குமுன்

1974ஆம் ஆண்டு டிசம்பரில் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் ஹார்வி சாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் ஆகிய மூவரின் கட்டுரை வெளிவந்தது. உரையாடலில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் முறை எவ்வாறு வருகிறது, இருவர் ஒரே நேரத்தில் பேசினால் யார் விட்டுக்கொடுக்கிறார் என்பவற்றுக்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு என்று அக்கட்டுரை காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் எஸ்.என்.ஏ. என்னும் வலையமைப்புக் கட்டமைப்பை அறிவித்திருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் மனிதப் பேச்சைக் குறித்து மொழியியலாளர்கள் கேட்ட கேள்விகளையே, மெயின்பிரேம் கணினிக்கும் தொலைவிலுள்ள முனையத்துக்கும் இடையே பொறியாளர்களும் கேட்க நேர்ந்தது.

மெயின்பிரேமில் இந்தப் பேச்சை நடத்திவைக்கும் மென்பொருள் வி.டி.ஏ.எம். முனையமும் பயன்பாட்டு நிரலும் பேசத் தொடங்குமுன், ‘பைண்ட்’ என்னும் ஒரு செய்தி போகும். இருவரும் ஒரே நேரத்தில் பேசலாமா, மாறிமாறித்தான் பேச வேண்டுமா, மோதல் நேர்ந்தால் எவர் சொல் நிற்கும், ஒரு பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிந்ததாகக் கொள்வது என்பனவெல்லாம் அதன் சில பைட்டுகளில் அடங்கியிருக்கும். முறையை மற்றவருக்கு ஒப்படைக்கத் தனியே ஒரு குறி உண்டு. கேட்பவர் ‘உம்’ கொட்டுவதற்கு நிகரான குறியும் உண்டு: இத்தனை செய்திகள் சென்றபின் எதிர்முனையிலிருந்து ஒப்புதல் வந்தால்தான் அடுத்தது போகும். அந்த எண்ணிக்கையைக் குறைத்து வைத்தால் தொலைபேசித் தடம் வீணே காத்திருக்கும். கூட்டி வைத்தால் நடுவிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகம் நிரம்பி எல்லாருடைய பேச்சும் தளரும். வலையமைப்பைச் செம்மைப்படுத்துவது என்பதில் பாதி, எத்தனை சொல்லுக்கு ஓர் ‘உம்’ என்று தீர்மானிப்பதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் மும்பையில் ஒரு நிறுவனத்தின் கணினி மையத்தில் சிஸ்டம்ஸ் புரோகிராமராக இருந்த ஒரு பெண்மணி சாக்ஸ் முதலானோரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ‘பைண்ட்’ செய்தியைப் பதினாறடிமான எண்களாகவே படித்துப் பொருள் சொல்ல அந்த மையத்தில் அவர் ஒருவரால்தான் முடிந்தது. வி.டி.ஏ.எம்மின் புதிய பதிப்பை நிறுவும் பொறுப்பு அவரிடம் வந்தது. வெளியூர்க் கிளைகளின் முனைய வரையறைகளை அவரே புதிதாக எழுதினார். ஒரு சனிக்கிழமை இரவு மாற்றம் நடந்தது. இரவுப் பணியிலிருந்த இளம் ஆபரேட்டர், எழுதிக்கொடுத்த வரிசைப்படி கட்டளைகளைத் தட்டினார். வரையறைகள் ஒவ்வொன்றும் இயங்கத் தொடங்கியதாகக் கன்சோலில் செய்தி வந்தது.

திங்கட்கிழமை காலை கிளைகளில் ஒருவராலும் உள்ளே நுழைய இயலவில்லை. தடம் இயங்கியது, கட்டுப்பாட்டுக் கருவி இயங்கியது, வினவினால் ஒவ்வொரு முனையத்தின் நிலையும் ‘ஆக்டிவ்’ என்றே வந்தது. வரவேற்புத் திரைகூடத் தெரிந்தது. ஆயினும் நிரலை அழைத்தவுடன் இணைப்பு மறுக்கப்பட்டு, 0821 என்னும் காரணக் குறியீடு திரும்பியது. முன்வைக்கப்பட்ட பேச்சு விதிகள் எனக்கு ஏற்புடையவை அல்ல என்பது அதன் பொருள்.

துறைத் தலைவருக்குக் குறியீட்டைப் பற்றிக் கவலையில்லை. வெள்ளிக்கிழமைவரை ஓடியது, சனி இரவு ஒருவர் கைவைத்தபின் ஓடவில்லை. ஆபரேட்டர் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர். கட்டளையில் தவறு செய்தார் என்று அவர் மீதான குறிப்பு பத்து மணிக்குள் தட்டச்சுக்குப் போய்விட்டது.

அந்தப் பெண்மணி ஒரு முனையத்துக்கு மட்டும் தடக்கண்காணிப்பை இயக்கி, சென்ற ‘பைண்ட்’ செய்தியைப் பிடித்தார். 31 01 03 03 என்று தொடங்கியிருக்க வேண்டிய அது, 31 01 02 02 என்று தொடங்கியது. 31 என்பது ‘பைண்ட்’ என்பதற்கான குறி. அடுத்துவரும் 03 03 எஸ்.என்.ஏ. முனையத்துக்குரிய விதித்தொகுதி. 02 02 என்பதோ கணினி மையத்துக்குள்ளேயே நேராக இணைக்கப்பட்ட, எஸ்.என்.ஏ. அறியாத முனையத்துக்குரியது. வரையறைக் கோப்பைத் திறந்தார். டி4ஏ32782 என்று இருக்க வேண்டிய இடத்தில் டி4பி32782 என்று இருந்தது. உள்ளூர் முனையங்களுக்கு எழுதிய வரியைப் படியெடுத்துக் கிளைகளுக்கு ஒட்டியபோது அந்த ஓர் எழுத்தை மாற்ற மறந்திருந்தார். பல்லியும் பள்ளியும் போல, ஒன்றே ஒன்றுதான் வேறுபாடு. இரண்டும் செல்லுபடியாகும் பெயர்கள் என்பதால் மென்பொருளும் எதிர்ப்புச் சொல்லவில்லை. வேறுபாட்டை அறிந்து மறுத்தது எதிர்முனையிலிருந்த 3174 கருவி மட்டுமே.

திருத்துவதற்குச் சில நிமிடங்கள் போதும். திருத்திவிட்டு, மறுபடி இயக்கியதும் சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் மறுப்பதற்கு அங்கே யாரும் இல்லை. அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆபரேட்டருங்கூடத் தன் விரல்தான் எங்கோ தவறியிருக்க வேண்டும் என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

அவர் வரையறையைத் திருத்தி, நிறுத்தி, மீண்டும் இயக்கினார். கிளைகள் உள்ளே வந்தன. பின்னர்க் கண்காணிப்புத் தாளில் அந்த நான்கு பைட்டுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பதிவேட்டில் இவ்வாறு எழுதினார்: ‘ஏ என்பதற்குப் பதில் பி. எழுதியவர் நான். ஆபரேட்டர் கொடுத்த கட்டளைகள் அனைத்தும் சரி.’ கையொப்பமிட்டு, தாளையும் பதிவேட்டையும் துறைத் தலைவரின் மேசையில் வைத்தார். தட்டச்சான குறிப்பு கிழிக்கப்பட்டது. அவ்வாண்டு அவருடைய பணி மதிப்பீட்டில் ‘கவனக்குறைவு’ என்னும் சொல் ஏறியது. அதை நீக்கும்படி அவர் விண்ணப்பிக்கவில்லை.

பேச்சைப் பற்றி ஆராய்பவர்கள் இந்நிகழ்ச்சியில் கருத வேண்டியது ஒன்றுண்டு. இலக்கணத்தில் பிழையற்ற ஒரு கூற்று, கேட்பவருக்கு உரியதாக இல்லாமையால் தோற்கலாம். அது ஏன் தோற்றது என்பதை அறியக்கூடியவர் சிலரேயாக இருக்கும்போது, பழி எளிதில் கடைசியாகப் பேசியவர் மீது விழுகிறது. கட்டளையைத் தட்டியவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார். அதை எழுதியவர் தெரிவதில்லை. பதிவேட்டில் ஒருவர் தன் பெயரை எழுதும்போதுதான் அந்த வரிசை சரியாகிறது.

பச்சை எழுத்துத் திரைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆயினும் வி.டி.ஏ.எம். இன்றும் மெயின்பிரேம்களில் இயங்குகிறது. ஏ, பி என்னும் அவ்விரு பெயர்களும் அதில் இன்னும் உள்ளன. அன்றைய ஆபரேட்டர் மறுவாரம் தன் இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குச் செல்லாமல் அந்தப் பெண்மணியின் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவப்பு வட்டமிட்ட தாளின் நகலை அவர் முன் விரித்த பெண்மணி, முதல் பைட்டின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.