இரண்டு மயில்களுக்கு நடுவே

முதுமையில் எந்த ஊரில் குடியிருப்பது என்னும் வினா, கோயில் திருச்சுற்றில் சற்றே அமர்ந்து எழும் பெரியவர்களிடையே இன்று அடிக்கடி எழுகின்றது. ஓய்வூதியம் மெல்ல நடக்கிறது. வீட்டு வாடகையோ முன்னே ஓடுகிறது. பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம், "இவ்வளவு கொடுத்து இந்த நகரத்தில் இருக்கத்தான் வேண்டுமா?" என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாத வீடு குறைவு. எங்கள் வீட்டிலும் சென்ற ஆண்டு இவ்வினா எழுந்தது. நாங்கள் கண்ட விடை எல்லார்க்கும் பொருந்தாது. எனினும் அதை ஆராய்ந்த வழி சிலருக்கேனும் பயன்படலாம் என்று கருதி எழுதுகின்றேன்.

நானும் என் இல்லாளும் திருமயிலையில் வாழ்கின்றோம். எனக்கு அகவை 74, அவளுக்கு 69. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அருள்மிகு கபாலீசுவரர் திருக்கோயில் குளத்திற்குத் தெற்கே, ஐந்து நிமிட நடையில், இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் பல்லாண்டுகள் இருந்தோம். சென்ற ஆண்டு வீட்டு உரிமையாளர் வாடகையை 22,000 ரூபாயிலிருந்து 26,000 ஆக உயர்த்தினார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. அந்தத் தெருவில் அதுவே நடப்பு விலை.

அன்றிரவு வரவு செலவை எழுதிப் பார்த்தோம். வாடகை 26,000. கட்டடப் பராமரிப்பு 3,000. மருந்தும் மருத்துவமும் 6,000. மளிகை, பால், காய்கறி 12,000. மின்சாரம், எரிவாயு, தொலைபேசி 3,000. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு 2,000. ஆக மொத்தம் 52,000. ஓய்வூதியமோ 43,000. எஞ்சிய 9,000 ரூபாயைப் பெங்களூரில் பணிபுரியும் மகன் அனுப்ப வேண்டும். "அப்பா, இது ஒரு பொருட்டா? நான் தருகிறேன்" என்றான். மனமாரத்தான் சொன்னான். ஆனால் அவனும் வாடகை வீட்டில் இருப்பவன். இரண்டு குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் அவன் தலைமேல் இருக்கிறது. விலையேறிய ஒரு நகரத்தில் வாழ்பவன், விலையேறிய மற்றொரு நகரத்தில் வாழும் பெற்றோருக்கும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா என்பதே எங்களை உறங்கவிடவில்லை.

மாற்று வழி ஒன்று கண்முன்னே இருந்தது. மயிலாடுதுறையில் எங்கள் பூர்விக வீடு உள்ளது. திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய ஓட்டு வீடு. வாடகை இல்லை. "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா" என்று பெரியோர் போற்றிய ஊர். இதில் ஒரு பொருத்தமும் உண்டு. திருமயிலையில் அம்பிகை மயில் வடிவெடுத்துப் புன்னை மரத்தடியில் ஈசனை வழிபட்டாள் என்பது தலபுராணம். மயிலாடுதுறையிலும் அம்பிகை மயிலாக வந்து வழிபட்டாள். அங்கே ஈசனும் மயிலாகி ஆடினான் என்பர். இடையே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவு இருந்தாலும், இரண்டும் மயிலின் ஊர்களே. எங்கே இருந்தால் என்ன, அவள் ஒருத்திதானே என்று மனம் சொல்லிற்று.

ஆயினும் பேச்சளவில் முடிவு செய்யாமல், ஐப்பசி முழுவதும் மாயூரத்தில் தங்கிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். துலா மாதத்தில் கங்கை முதலிய நதிகள் காவிரியில் வந்து நீராடித் தூய்மை பெறுகின்றன என்பது நம் முன்னோர் நம்பிக்கை. காலையில் துலாக்கட்டத்தில் நீராடல், பிறகு மாயூரநாதர், அபயாம்பிகை சந்நிதி, மாலையில் திண்ணை. அந்த ஒரு மாதம் எங்களுக்குச் செலவானது 19,000 ரூபாய். காய்கறி புதியது, காற்று தூயது, கோயிலில் நெரிசல் இல்லை. நெஞ்சாரச் சொல்கிறேன், அந்நாள்கள் இனியவை.

ஓர் இரவு என் இல்லாளுக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயக்கம் வந்தது. வெல்லம் கரைத்துக் கொடுத்துவிட்டு உதவிக்கு ஆள் தேடித் தெருவில் இறங்கினேன். எங்கள் தெருவில் 22 வீடுகள். அவற்றுள் 13 பூட்டிக் கிடக்கின்றன. விளக்கெரிந்த வீடுகளில் இருந்தவர்களும் எங்களைப் போன்ற முதியவர்களே. வண்டி ஒன்று கிடைத்து மருத்துவமனையை அடைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. மருத்துவத்தில் குறை ஒன்றுமில்லை. விடியுமுன் அவள் தேறிவிட்டாள். கொண்டு சேர்க்கத்தான் கை இல்லை. ஊரில் வீடு இருக்கிறது. வீட்டைச் சுற்றி இருந்த மனிதர்கள் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் எங்களைப் போலவே பிழைப்பைத் தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டார்கள். அங்கே செலவு குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

திருமயிலைக்குத் திரும்பியதும் மற்றொரு கணக்கு எழுதினோம். நகரத்திற்கு இவ்வளவு கொடுக்கிறோமே, நகரத்திலிருந்து எதைப் பெறுகிறோம்? முப்பது நாள் ஒரு குறிப்பேட்டில் உள்ளபடி எழுதி வந்தோம். கோயிலுக்கு நடந்து சென்றது 26 நாள். மருத்துவரிடம் 2 முறை. இரத்தப் பரிசோதனை ஒரு முறை. உபந்நியாசம் 4 முறை. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கூடிச் செய்யும் திருமுறைப் பாராயணம் 4 நாள். வீடு தேடி நண்பர்கள் வந்தது 11 முறை. கச்சேரி ஒன்றுமில்லை. கடற்கரை ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டினால் வந்துவிடும். அங்கும் ஒருநாள்கூடப் போகவில்லை. பெரிய அங்காடிகளின் வாயிலை மிதிக்கவில்லை.

அந்தக் குறிப்பேடு எங்களுக்கு இரண்டு செய்திகளைச் சொன்னது. முதலாவது, நாங்கள் வாழ்வது சென்னை மாநகரத்தில் அன்று. நான்கு மாட வீதிகளும் அவற்றை ஒட்டிய சில சந்துகளும் அடங்கிய ஒரு சிற்றூரில்தான். மாநகரம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. இரண்டாவது, அந்தச் சிற்றூரில் நாங்கள் விலை கொடுப்பது கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அன்று. நடக்கும் தொலைவுக்கும் கதவைத் தட்டும் கைகளுக்கும். என் இல்லாள் சுருக்கமாகச் சொன்னாள்: "எனக்குக் காய்ச்சல் வந்தபோது பாராயணத்துக்கு வருபவர்கள் ஆறு நாளும் முறை வைத்துக் கஞ்சி கொண்டு வந்தார்கள். அதை எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்?"

அப்போது என் நினைவில் எழுந்தது திருஞானசம்பந்தப் பெருமானின் திருமயிலைப் பதிகம். சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பூம்பாவை அரவு தீண்டி மறைந்தாள். அவளுடைய எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின்முன் நின்று பிள்ளையார் பாடினார். என்ன சொல்லி அழைத்தார்? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அவ்வூரின் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இவற்றைப் பாராமலா செல்கின்றாய் என்று வினவினார். ஓர் ஊரில் பலரும் கூடிக் கொண்டாடும் விழாக்களைக் காண்பது, உயிர் மீண்டு வருவதற்கே போதிய காரணம் என்பது போல் அமைந்த பதிகம் அது. இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர் பெற்ற வரலாறு இங்கே நடத்திக் காட்டப்படுகிறது. பிற்பகலில் அறுபத்து மூவர் உலா. அந்தக் கேள்வி எங்களையும் நோக்கிக் கேட்கப்பட்டது போலவே இருந்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வாயிலார் நாயனாரும் இதே திருமயிலையில் அவதரித்தவர்தாம். அவர் மனத்தையே கோயிலாக்கி, அன்பையே அமுதாகப் படைத்து, வாய் திறவாமல் வழிபட்டுச் சிவனடி சேர்ந்தவர். அகத்தில் கோயில் உடையவருக்கு வாடகை ஏது, மாட வீதி ஏது? இதைச் சொல்லி என் இல்லாளிடம் வாதிட்டேன். "அவர் நாயனார்; நமக்கு மணியோசை காதில் விழ வேண்டும்" என்றாள். எங்கள் நிலை எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

முடிவில் மாட வீதிகளை விட்டு அகலாமல், வீட்டைச் சுருக்கிக்கொண்டோம். கோயிலிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில், ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், ஒற்றைப் படுக்கையறை வீடு. வாடகை 16,000, பராமரிப்பு 2,000. இப்போது மாதச் செலவு 41,000 ரூபாயில் அடங்குகிறது. எஞ்சும் 2,000 ரூபாய், ஐப்பசியில் மாயூரம் சென்று வரும் இரயில் கட்டணத்திற்கும் உண்டியலுக்கும் போதுமானது. மகன் அனுப்பும் பணத்தை அவன் குழந்தைகளின் பெயரில் சேமிக்கச் சொல்லிவிட்டோம்.

இழப்பு இல்லாமல் இது நடந்துவிடவில்லை. கூடத்தில் தொங்கிய ஊஞ்சலுக்குப் புதிய வீட்டில் இடமில்லை. உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. அவள் மாமியார் காலத்திலிருந்து ஒன்பது படி வைத்த கொலு இவ்வாண்டு ஐந்து படியாயிற்று. மரப்பெட்டியில் இருந்த தசாவதாரச் செட்டைப் பாராயணத் தோழி ஒருவரிடம் கொடுத்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை. மகன் குடும்பத்தோடு வந்தால் கூடத்தில்தான் பாய் விரிக்க வேண்டும். நகரத்தின் விலையை நாங்கள் வாடகையாக மட்டுமன்றி, இவ்வாறும் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் நண்பர் ஒருவர் இதே வினாவுக்கு நேர்மாறான விடை கண்டார். சென்னையை விட்டுத் திருவையாற்றுக்குச் சென்றுவிட்டார். அங்கே அவருடைய தங்கையின் குடும்பம் அடுத்த வீட்டில் இருக்கிறது. மருமகன் இருசக்கர வண்டியோடு எந்நேரமும் ஓடி வருகிறான். அவர் நிறைவாக இருக்கிறார். அவர் செய்ததும் சரியே. ஆகவே நகரமா, ஊரா என்று கேட்பதைவிட, நாம் விழுந்தால் தூக்கிவிடும் கை எங்கே இருக்கிறது, நாள்தோறும் நம்மை வெளியே அழைக்கும் மணியோசை எங்கே கேட்கிறது, அதற்கான விலையை நம் கைப்பொருளிலிருந்தே கொடுக்க முடியுமா என்று கேட்பதே பொருத்தம். விலையுயர்ந்த நகரத்தில் வாடகை கொடுத்துவிட்டு நான்கு சுவருக்குள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தால், அந்தப் பணம் வீணே. நாள்தோறும் நடந்து, நாலு பேரோடு கூடி, அவர்களுக்கும் நாம் உதவினால், கொடுத்த பணத்துக்குப் பொருள் உண்டு.

வாசக அன்பர்கள் முடிவெடுக்குமுன் ஒரு மாதக் குறிப்பேடு எழுதிப் பார்க்க வேண்டுகிறேன். இயன்றால், போக எண்ணும் ஊரில் ஒரு மாதம் தங்கியும் பாருங்கள். பிள்ளைகளிடம் மறைக்காமல் கணக்கைக் காட்டுங்கள்; இருவர் வாழும் வீட்டில் ஒருவர் மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

கால்கள் இப்போது நடக்கின்றன. ஒருநாள் பன்னிரண்டு நிமிட நடையும் எங்களுக்கு மலையாகும். அன்று இந்த வாடகைக்கும் பொருள் குறையும். கணக்கை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும். அதை எண்ணி அஞ்சும்போது மாயூரத்தின் முடவன் முழுக்கு நினைவுக்கு வருகிறது. கால் ஊனமுற்ற அடியவர் ஒருவர் துலா நீராடலுக்குத் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. கலங்கி நின்றவருக்காக ஈசன் கார்த்திகை முதல் நாளிலும் அதே பலனை அருளினான் என்பர். இன்றும் அந்நாளில் அங்கே மக்கள் நீராடுகின்றனர். நடக்க முடிகின்றவரை நடந்து சென்று கும்பிடுவோம். முடியாத நாளில், நமக்காக ஒருநாள் கூடுதலாகக் காத்திருப்பவன் அவன் என்னும் நம்பிக்கை, எவ்வூரில் இருந்தாலும் நம்மைக் காப்பதாகுக.