ஜெனிசிஸின் கடைசி வாரம்

20 மார்ச் 2022, ஞாயிறு

வருகிற சனிக்கிழமை லண்டன் ஓ2 அரங்கில் ஜெனிசிஸ் ராக் குழுவின் கடைசிக் கச்சேரி. 2020இல் நடந்திருக்க வேண்டிய சுற்றுப்பயணம் இது. கொரோனாவால் தள்ளிப்போனது. போன அக்டோபரில் லண்டன் தேதிகள் நெருங்கிய நேரம் குழுவுக்குள்ளேயே தொற்று வந்து மறுபடியும் தள்ளிப்போனது. சனிக்கிழமை விடியும் வரை நான் எதையும் நம்பப்போவதில்லை.

மகளும் வருகிறாள். அவளுக்குத் தெரிந்த ஜெனிசிஸ் 1986இல் வந்த 'இன்விசிபிள் டச்' மட்டும்தான். பழைய இசைத்தட்டுகளை எடுத்துக் காட்டினேன். 'நர்சரி கிரைம்' அட்டையில் பால் வைட்ஹெட் வரைந்த ஓவியம்: புல்வெளியில் ஒரு சிறுமி, வெட்டுண்ட தலைகளைப் பந்தாக வைத்து குரோக்கே ஆடுகிறாள். "இதையெல்லாம் எப்படியப்பா வீட்டில வச்சிருக்கிறீங்கள்?" என்றாள்.

22 மார்ச், செவ்வாய்

இரவு 'ஃபாக்ஸ்டிராட்' தட்டைக் கேட்டேன். 1972. முதல் பாட்டைத் திறந்துவைப்பது கீபோர்டுக்காரர் டோனி பாங்க்ஸின் மெலட்ரான். அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா உண்டு. கட்டையை அமுக்கினால், முன்பே பதிந்துவைத்த வயலின் ஒலி ஓடும். எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். அதற்குள் விரலை எடுத்து அடுத்த சுரத்துக்குப் போயாக வேண்டும். அந்தக் கனத்த நடைக்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு 'சப்பர்ஸ் ரெடி', ஏறத்தாழ 23 நிமிடம். கடைசிப் பகுதிக்கு முன்னால் 9/8 தாளத்தில் ஓர் இடம் வருகிறது. பாங்க்ஸின் ஆர்கன் கணக்கைக் கண்டுகொள்ளாமல் தன்போக்கில் அலைகிறது. கீழே டிரம்ஸ் அதைத் துரத்திப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. வாசிப்பவர் ஃபில் காலின்ஸ். அன்றைய பாடகர் பீட்டர் கேப்ரியல் மேடையில் போட்ட நரித்தலையையும் பூ முகமூடியையும் பற்றியே பேசுகிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை காதால் கேட்க வேண்டும்.

1970இல் டிரம்ஸுக்கு ஆள் தேடியபோது சர்ரேயில் கேப்ரியலின் பெற்றோர் வீட்டில் தேர்வு வைத்தார்கள். காலின்ஸுக்கு வயது 19. நேரத்தோடு வந்துவிட்டதால் அங்கிருந்த நீச்சல் குளத்தில் இறங்கச் சொன்னார்கள். முன்னால் போனவர்கள் வாசித்ததெல்லாம் தண்ணீரில் கிடந்தவர் காதில் விழுந்தது. அவர் முறை வந்தபோது பாடம் ஏற்கெனவே மனப்பாடம்.

24 மார்ச், வியாழன்

இன்று மூன்று இரவுகளில் முதலாவது. போய்வந்த நண்பர் பாட்டுப் பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தார். போனை வைத்துவிட்டேன்.

25 மார்ச், வெள்ளி

கேப்ரியல் 1975இல் விலகினார். நான் படிக்க லண்டன் வந்தது அதற்கும் பிறகு. ஆனாலும் அவரை இந்தக் குழுவோடு ஒரு முறை பார்த்தேன்: 1982 அக்டோபர் 2, மில்டன் கீன்ஸ் திறந்தவெளி. அவர் தொடங்கிய வோமாட் இசைவிழா அந்த ஆண்டு பெரும் கடனில் முடிந்தது. அதை அடைக்கப் பழைய தோழர்கள் அந்த ஒரு நாள் சேர்ந்து வாசித்தார்கள். மழையென்றால் அப்படியொரு மழை. சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிவரப்பட்டு, அதிலிருந்து எழுந்து பாடினார் கேப்ரியல். 1977இல் பிரிந்துபோன கிதார்காரர் ஸ்டீவ் ஹாக்கெட்டும் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டார். ஒத்திகை போதாதது நன்றாகவே கேட்டது. ஒருவரும் நகரவில்லை. சேறு போகாத சப்பாத்தை மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

27 மார்ச், ஞாயிறு

நடந்தது. வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிட்டது. கோடைகால நேரத்துக்குக் கடிகாரம் ஒரு மணி முன்னால் போனதில் தூக்கத்திலும் கொஞ்சம் பறிபோனது.

காலின்ஸ் கைத்தடியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். 71 வயது. முதுகுத்தண்டுக் கோளாறுக்குப் பிறகு டிரம்ஸ் குச்சியைச் சரியாகப் பிடிக்கவும் முடியாது. பின்னால் டிரம்ஸில் மகன் நிக், வயது 20. காலின்ஸின் குரல் பல இடங்களில் ஏறவில்லை. அதை மறைத்து எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. நிக்கின் வாசிப்பில் தகப்பனின் அடி அப்படியே இருந்தது. மகள் கண் எடுக்காமல் பார்த்தது அவனைத்தான்.

கேப்ரியல் பார்வையாளர்களில் ஒருவராக வந்திருந்தார். 'சப்பர்ஸ் ரெடி' வேண்டுமென்று கத்துவது அவராகவும் இருக்கலாம் என்று காலின்ஸ் கேலி செய்தார். நாளையிலிருந்து எல்லோரும் உருப்படியான வேலை தேட வேண்டும் என்றும் சொன்னார். மேடைக்குக் கேப்ரியல் வரவில்லை. வராததே சரி. வந்திருந்தால் அந்த இரவு அவருடையதாகிவிட்டிருக்கும். முடிவில் பாடியது அவர் காலத்துக் 'கார்ப்பெட் கிராலர்ஸ்'.

கேப்ரியல் போனதோடு ஜெனிசிஸும் போய்விட்டது என்று இன்னமும் சொல்கிறவர்களிடம் எனக்கு வாதமில்லை. 1976இல் வந்த 'எ டிரிக் ஆஃப் த டெயில்' தட்டைப் போட்டுக் கேளுங்கள். அதில் பாடியவரும் டிரம்ஸ் வாசித்தவரும் ஒரே ஆள்.