சுமைகூலி முக்கால் பணம்

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். ஜவ்வாது மலைமேலுள்ள பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லைப் பக்கங்களிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் ஆடுகள் வந்து சேரும். காலைத் திருப்பலி முடிந்து அவ்வழியே செல்லும்போது சற்று நின்று பார்ப்பது என் வழக்கம். ஆட்டுக்கு இன்ன விலை என்று முடிவான பின்னரும் வாங்கியவரின் செலவு முடிவதில்லை. சந்தைச் சுங்கம், தரகு, வண்டி வாடகை, ஆட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றும் பையனுக்குத் தேநீர்க் காசு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கூட இவற்றையெல்லாம் மனத்திற்குள் முன்னரே கூட்டி, அதற்குரிய பணத்தை மடியில் முடிந்துகொண்டுதான் சந்தைக்கு வருகிறார். கோபுரம் கட்டப் புறப்பட்டவனைப் பற்றிய உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்த நானோ, அத்தகைய கணக்கு எதுவும் பாராமல் ஒரு முறை கப்பலேறினேன். கணக்குத் தெரிந்த பின்பு நான் செய்தது அதனினும் பெரிய பிழை. அதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டு. என் குருத்துவ வெள்ளிவிழா முடிந்த சில மாதங்களில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் தொலைபேசியில் பேசினான். "மாமா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான்கு இரவு கப்பல் பயணம். பினாங்கு, பூக்கெட் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பலாம். சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன்" என்றான். விமானச் சீட்டும் அவனே எடுத்துக் கொடுத்தான். கணவரை இழந்தபின் வீட்டை விட்டு வெளியே வராத அக்காவுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று நானும் இசைந்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, அங்கே நமக்குச் சோறு போடுகிற, அறை பெருக்குகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க எவ்வளவு எடுத்து வைக்கணும்?" நான் சிரித்தேன். "எல்லாம் சீட்டிலேயே அடக்கம் அக்கா. கவலைப்படாதே" என்றேன். அக்கா பதில் பேசவில்லை. ஒரு டப்பா நிறைய முறுக்கு மட்டும் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டார்.

கப்பலில் அடக்கமானவை இருந்தன, அடங்காதவையும் இருந்தன. அறை, பொது உணவுக்கூடத்துச் சாப்பாடு, மாலை நேரக் கலை நிகழ்ச்சிகள் ஆகியவை சீட்டில் சேர்ந்தவை. டப்பியில் அடைத்த குளிர்பானமும், தனிக்கடையில் விற்கும் காப்பியும், இணைய இணைப்பும், துணி வெளுப்பதும், மருத்துவரைப் பார்ப்பதும், கரையில் இறங்கி ஊர்சுற்றுவதும் சேராதவை. ஏறும்போதே நம்மை நிறுத்திப் படம் எடுப்பார்கள், அது இலவசம். அப்படத்தைக் கையில் வாங்க வேண்டுமானால் அதற்குத் தனி விலை. பானத்தின் விலைமேலும் சேவைக் கட்டணம் ஏறும். பல கப்பல்களில் இது 18 முதல் 20 விழுக்காடு வரை. இவற்றிற்கெல்லாம் கையில் காசு கொடுக்க வேண்டுவதில்லை. அறைக் கதவைத் திறக்கும் அட்டையை நீட்டினால் போதும். காசு கண்ணில் படாதபோது செலவு செலவாகவே தோன்றுவதில்லை.

பினாங்கில் கப்பல் நிற்கும் துறை ஜார்ஜ் டவுன் நகரை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து சற்று நடந்தால் தமிழ்க் குரல் கேட்கும் 'லிட்டில் இந்தியா' தெருக்களுக்கே போய்விடலாம். அஃதறியாமல், கப்பலில் ஏற்பாடு செய்த பேருந்துச் சுற்றுலாவுக்கு இருவருக்கும் பணம் கட்டினேன். பேருந்து முதலில் நிறுத்திய இடம் அதே தெருதான்.

எங்கள் அறையைக் கவனித்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர். ஒவ்வொரு மாலையும் துவாலையை மடித்து யானை, முயல் என்று ஏதேனும் ஓர் உருவம் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். அக்கா குழந்தையைப்போல் மகிழ்வார். நான் குரு என்று அறிந்த அன்று அவர் என் கையைப் பற்றித் தம் நெற்றியில் வைத்துக்கொண்டார். பெரியோரிடம் ஆசி பெறுவது அவர்கள் நாட்டில் அவ்வாறுதான். அக்கா அவருக்கு முறுக்கு கொடுத்தார். ஒருவர் பேசிய மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

கடைசி இரவு கணக்குச் சீட்டு வந்தது. மற்றச் செலவுகளோடு 'சேவையாளர் இனாம்' என்று ஒரு வரி இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 18 அமெரிக்க டாலர். இருவருக்கும் நான்கு நாளைக்கு 144 டாலர், அதாவது அன்றைய நிலவரத்தில் ஏறத்தாழ 12,000 ரூபாய். என் கையிலிருந்த பணமோ படத்துக்கும் பேருந்துக்கும் போய்விட்டிருந்தது. மருமகன் தலையில் இதையும் கட்டுவதா என்று உள்ளம் கொதித்தது. உடனே கீழ்த்தளத்து அலுவலகத்துக்குச் சென்றேன். "இனாம் என்பது கொடுப்பவர் விருப்பம் அல்லவா? கேளாமலே எழுதுவது முறையா?" என்றேன். அங்கிருந்த பெண் அமைதியாக, "சேவையில் குறை ஏதேனும் உண்டா ஐயா?" என்று கேட்டாள். "குறை ஒன்றுமில்லை" என்றேன். அவள் மறுபேச்சின்றி அந்த வரியை நீக்கிவிட்டாள். வென்றுவிட்ட பெருமிதத்தோடு அறைக்குத் திரும்பினேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே என் மனச்சாட்சிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நிற்க. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கள் பங்கு இளைஞன் ஒருவன் ஊர் வந்தான். உணவக மேலாண்மை படித்து, வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் உணவுக்கூடப் பணியாளனாய் இருப்பவன். வேலையில் சேர வேண்டிய மருத்துவச் சோதனைக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் கடன் வாங்கியே அவன் வீட்டார் அனுப்பி வைத்தனர். பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து அவன் வேலையைப் பற்றிச் சொன்னான்.

"எட்டு மாசம் ஒப்பந்தம் சாமி. வாரத்துல ஏழு நாளும் வேலைதான். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம். டிப்ஸ் பணத்தை எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பாங்க. பாத்திரம் தேய்க்கிறவரு, துணி வெளுக்கிறவரு, பயணிங்க கண்ணுலயே படாதவங்க, அவங்களுக்கும் அதுல பங்கு உண்டு. நான் வீட்டுக்கு அனுப்புறதுல பெரும்பாதி அதுதான் சாமி. சில பேரு கடைசி நாள்ல அதை எடுத்துடச் சொல்லிடுவாங்க. அந்த மாசம் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

பின்னர் இயல்பாகக் கேட்டான்: "நீங்ககூடப் போயிட்டு வந்தீங்களாமே சாமி, நல்லா கவனிச்சாங்களா?"

நல்ல கவனிப்பு என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. சிறிது நேரம் கழித்து நடந்ததைச் சொன்னேன். அவன் தலைகுனிந்துகொண்டான். எனக்காக அவன் வெட்கப்பட்டது என்னை மிகவும் சுட்டது. அந்தப் பணத்தை இப்போதாவது செலுத்த இயலுமா என்று மருமகனைக் கேட்கச் சொன்னேன். கணக்கு முடிந்துவிட்டது, இனிச் சேர்க்க வழியில்லை என்று பதில் வந்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்ட அந்த இளைஞரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அது தெரிந்திருந்தது.

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம்மவர் சொல்வதுண்டு. கூலி மிகுந்துவிட்டதே என்று அங்கலாய்க்கவே இப்பழமொழியை எடுக்கிறோம். சுமந்தவன் ஒருவன் உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. இனாம் என்ற சொல்லே என்னை ஏமாற்றியது. நான் அதைத் தருமம் என்று கருதினேன். அது அவர்களுடைய கூலி. அதைச் சம்பளத்தில் சேர்க்காமல் பயணியின் தலையில் வைக்கும் முறை நேரியதா என்று கேட்பது நியாயமே. கடல் தொழிலாளருக்கென 2006-இல் உலகத் தொழிலாளர் நிறுவனம் ஒப்பந்தம் ஒன்று வகுத்தது. 2013-இல் நடைமுறைக்கு வந்த அதனை 2015-இல் இந்தியாவும் ஏற்றது. நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு வேண்டும் என்பன போன்ற பாதுகாப்புகள் அதனால் வந்தன. ஆனால் டிப்ஸ் வழக்கம் மாறவில்லை. அது மாறும்வரை, முறை சரியில்லை என்று கூறி, பெருக்கியவரின் கூலியைப் பிடித்துக்கொள்வது வழக்கை மாற்றாது. அவர் வீட்டு அடுப்பைத்தான் அணைக்கும்.

இத்தகைய பயணம் இன்று நமக்குத் தொலைவில் இல்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோரை அனுப்பி வைக்கும் காலமும் இது. ஆதலால் குடும்பங்களுக்குச் சில சொல்வேன்.

முதலாவது, சீட்டு வாங்குமுன்பே இனாம் அதில் அடக்கமா, தனியா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் சீட்டு விலையிலேயே சேர்த்துவிடுகின்றன. பல அயல்நாட்டுக் கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை தனியே எழுதப்படும். தலைகளையும் நாள்களையும் பெருக்கி, அத்தொகையைச் செலவுக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். அதற்கு இடமில்லையேல், பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். அல்லது ஓர் இரவு குறைவான பயணத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஏறுமுன் ஆகும் செலவு: கடவுச்சீட்டு, விசா, துறைமுகக் கட்டணம், பயணக் காப்பீடு, துறைமுகம் வரை போய்வரும் செலவு. காப்பீட்டை விட்டுவிடாதீர்கள், கப்பல் மருத்துவரின் கட்டணம் நம்மூர்க் கணக்குக்கு அடங்காது. தலைசுற்றலுக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கப்பலில் ஆகும் செலவு. அட்டையில் நாளுக்கு இவ்வளவுதான் என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கணக்கை ஒவ்வோர் இரவும் கேட்டுப் பாருங்கள். கடைசி இரவுக்குக் காத்திராதீர்கள். அயல்நாட்டு நாணயத்தில் செலவிட்டால் வங்கி பிடிக்கும் கட்டணமும் உண்டு. கரையிறங்கும் ஊர் துறைமுகத்திற்கு அருகில் உள்ளதா என்று முன்னரே விசாரித்தால் பேருந்துச் செலவு மிச்சம்.

விடைபெறும்போது அந்த இளைஞன், "விடுங்க சாமி. இனிமே போறவங்களுக்குச் சொல்லிடுங்க, போதும்" என்றான். சொல்லிவிட்டேன். 144 டாலர் கடன் மட்டும் இன்னும் நிற்கிறது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு தூக்கும் பையனுக்கு யாரேனும் காசு கொடுப்பதைக் காணும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.