புத்துக் காளான்

எங்கள் வீட்டில் காளானை விலைகொடுத்து வாங்கியதே இல்லை. அதற்கென்று நாள் வரவேண்டும். கோடைமழையில் மண் ஒருமுறை நன்றாக நனைந்து, சில நாள் வெயில் காய்ந்து, மறுபடியும் இடியோடு ஒரு மழை பிடித்தால், அடுத்த விடியலில் ஆயா முறத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அப்போது ஆரம்பித்தால் ஐப்பசி மழை ஓயும்வரை அவள் காது இடிச் சத்தத்தின் மேலேயே இருக்கும். “இடி விழுந்தா புத்து வாய் தொறக்கும் கண்ணு” என்பாள்.

தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளிப் பக்கம், கரட்டடியில் இருந்தது எங்கள் மானாவாரிக் காடு. கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை என்று மாறி மாறி விளையும். அந்தக் காட்டில் எந்தப் புற்று பூக்கும், எது பூக்காது என்று ஆயாவுக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் இருப்பது முதல் மழைக்கே பூக்கும். புங்கமரத்துக்கு மேற்கே இருப்பது பிந்தித்தான் பூக்கும். ஏர் ஓட்டுகிறவர்களும் அந்த இடங்களை ஒதுக்கி வளைத்தே ஓட்டுவார்கள்.

சூரியன் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். விடியலில் மொட்டாக இருப்பது வெயில் வந்தால் குடையாக விரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் புழு வைத்துவிடும். அந்தக் காளானின் உச்சியில் கூரான ஒரு மூக்கு இருக்கும்; ஈரமண்ணை முட்டிக்கொண்டு வெளியே வருவதற்கு அதுதான் உதவுகிறது. தண்டை ஆட்டி மெதுவாக இழுத்தால் வேர்போல நீண்டுகொண்டே வரும். ஆயா அதை முழுக்க இழுக்கவிடமாட்டாள். வேர் தெரிந்ததும் கிள்ளி எடுத்துவிட்டு, குழியை மண்ணால் மூடச் சொல்வாள். நன்றாக விரிந்துவிட்டவற்றில் சிலவற்றை அப்படியே விட்டுவிடுவாள். சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் அம்மியில் அரைத்து வைத்த காளான் குழம்பும் சூடான ராகிக்களியும் அன்று மத்தியானச் சாப்பாடு. கறிக்குழம்பு வைத்த நாளில்கூட வீட்டில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

ஆயா குழியை ஏன் மூடினாள் என்பது ஊரைவிட்டு வந்து படித்தபிறகுதான் புரிந்தது. புற்றுக்காளான், கரையான் செய்யும் வெள்ளாமை. இலைச்சருகையும் காய்ந்த குச்சியையும் தின்றுவிட்டுப் போடும் எச்சத்தால், புற்றுக்குள்ளே தேன்கூடு போன்ற ஓர் அடையைக் கரையான் கட்டுகிறது. அந்த அடைமேல் பூஞ்சை வளர்ந்து, கரையானால் செரிக்க முடியாத நாரைப் பக்குவப்படுத்தித் தருகிறது. அதுவே கரையானுக்குச் சாப்பாடு. மண் நனைந்த பருவத்தில் அந்தப் பூஞ்சை மண்ணுக்கு மேலே நீட்டுகிற தலைதான் நாம் பறிக்கும் காளான். நீண்ட வேர் கீழே அந்த அடையில் போய் முடிகிறது. 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் இந்தக் காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நடராஜன் 1979-இல் தென்னிந்தியாவில் கண்ட ஒரு வகையை விவரித்து, அதற்கு ஹைம் பெயரையே சூட்டினார். சிப்பிக் காளானைப்போல வைக்கோல் பையில் இதை விளைவித்து விற்க முடியாது. கரையானும் அதன் புற்றும் இருந்தால்தான் இது உண்டு.

இந்த உறவை நம் புலவர்களும் கவனித்திருக்கிறார்கள். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணனின் வறுமைப்பட்ட அடுக்களை வருகிறது. அங்கே பழஞ்சுவரைக் கரையான் அரித்து உதிர்த்த மண்ணில் காளான் பூத்திருக்கிறது. எங்கள் தருமபுரியை, அன்றைய தகடூரை, ஆண்ட அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லும் பாட்டும் அதுவே. அதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் காட்டு மண்ணின் ஈரவாசம் எனக்கு எட்டுகிறது.

எனக்கு ருசியின் ஏக்கம் உண்டு. அதைவிடப் பெரிய ஏக்கம், ஆயாவின் ‘வேண்டாம்’ மேல். முறம் நிறைய எடுத்து வந்த நாட்களிலும், வழியில் கண்ட முக்கால்வாசிக் காளானை அவள் தொடாமல்தான் வந்திருப்பாள். எருக்குழி ஓரத்தில் வெள்ளைவெளேரென்று தட்டு அகலத்துக்கு நிற்கும். மட்கிய கட்டையில் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும். நான் ஓடினால், “தெரியாததத் தொடாத சாமி. அது நம்ம காளான் இல்ல” என்பாள். நம்ம காளான் என்றால் அவளுக்கு ஒரே வகைதான்: தெரிந்த புற்றில், தெரிந்த பருவத்தில், மூக்கும் வேரும் சேர்ந்து வருவது. அதில் ஒன்று குறைந்தாலும் முறத்தில் ஏறாது. அவள் அறிவு குறுகலாக இருந்தது. அந்தக் குறுகலே எங்களை உயிரோடு வைத்திருந்தது.

ஊரில் வேறு சோதனைகள் சொல்பவர்களும் இருந்தார்கள். வெள்ளிக்காசு போட்டுக் கொதிக்கவைத்தால் விஷக்காளான் கறுக்கும், மஞ்சள்தூள் நிறம் மாறும், பூச்சி அரித்த காளான் நல்ல காளான், தோல் உரிந்தால் சாப்பிடலாம் என்பார்கள். இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. நத்தைக்கும் புழுவுக்கும் ஒன்றும் செய்யாத விஷம் மனிதரைக் கொல்லும். அமனிட்டா வகைக் காளான்கள் சிலவற்றில் இருக்கும் அமாடாக்சின் கொதிக்கவைத்தாலும் அழியாது, காயவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல், ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். நடுவில் சரியாகிவிட்டதுபோல ஒரு தெளிவு தெரியும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால், உள்ளே கல்லீரல் கெட்டுப்போய்க்கொண்டிருக்கும். அமனிட்டா வகையில் பலவற்றுக்குத் தண்டின் அடியில் உறைபோல ஒரு பை இருக்கும். மேலாகக் கிள்ளினால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும், கண்ணுக்குத் தப்பிவிடும்.

எருக்குழி ஓரத்துத் தட்டுக் காளானும் சாதாரணமானதல்ல. மழைக்காலத்தில் புல்வெளிகளில் முளைக்கும் குளோரோபில்லம் இனத்து ஒரு காளான் அப்படித்தான் இருக்கும்: வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் வளையம். இளசாக இருக்கும்போது அடிமடிப்புகளும் வெள்ளையாகத் தெரிவதால் நல்ல காளான் என்று நம்பிவிடுவார்கள். குடையை வெட்டி வெள்ளைத்தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தால், அதன் வித்துத்தூள் பச்சையாகப் படியும். புற்றுக்காளானின் தூள் வெளிறிய இளஞ்சிவப்பு. நிறம் பொருந்தினால் மட்டும் சாப்பிடலாம் என்றும் ஆகாது. பொருந்தாததை விலக்கத்தான் அந்தச் சோதனை.

2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் கிழக்கு மாவட்டங்களில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது, அவர்களும் எங்களைப்போல மழைக்குப்பின் முறத்தோடு போனவர்கள்தானே என்று மனம் கனத்துவிட்டது. காளான் தின்றபின் உடம்பு முடியாமல் போனால் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. 108-ஐ அழைத்து, மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சாப்பிட்ட மற்றவர்களும், நன்றாக இருந்தாலும், கூடவே போக வேண்டும்.

நான் இப்போது இருக்கும் பெங்களூரில், குடியிருப்பின் புல்தரையில் மழைக்குப்பின் காளான் முளைக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை செல்போனில் படமெடுத்துப் பெயர் சொல்கிறான். ஒரு படத்துக்கு மண்ணுக்குள் இருக்கும் வேரும் தெரியாது, அடிப்பையும் தெரியாது. நான் தொடுவதில்லை, அவனையும் தொடவிடுவதில்லை. ஆயா தந்த அறிவு எங்கள் கரட்டடிக்கு மட்டும் செல்லும். இந்த மண்ணை எனக்குக் காட்டித்தர யாரும் இல்லை. ஆசை வந்தால் கடையில் பால் காளான் வாங்குகிறேன். அதில் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை 1998-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அருப்புக்கோட்டையிலிருந்து வெளியிட்டார்கள். பத்திரமான, நல்ல காளான். ஆனால் அதற்கு இடி வேண்டியதில்லை, நாள் வேண்டியதில்லை, ஆயாவும் வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும்போது பார்க்கிறேன். சொட்டுநீர்க் குழாய் இழுத்துத் தக்காளி போட்ட காடுகளில் புற்றுகளை ஜே.சி.பி. சமன் செய்துவிட்டது. மிஞ்சியவற்றில் கரையான் மருந்து ஊற்றுகிறார்கள். வெள்ளாமை செய்து பிழைப்பவர்களை நான் எப்படிக் குறைசொல்வேன்? ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: வரப்போரத்திலோ வேப்பமரத்தடியிலோ ஒரு புற்றையாவது விட்டுவையுங்கள். ஊரில் இன்னும் காளான் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்த விடியலில் பிள்ளைகளை அவர்களோடு அனுப்புங்கள். எதை எடுப்பது என்று கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் போதாது. எதைத் தொடக்கூடாது என்பதை முதல்நாளே கற்றுக்கொள்ளலாம். அந்த ஒன்று தெரிந்த பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும்.