மண்ணுக்குள் இறங்கிய முளை



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை போன் செய்தாள். இப்போது அவளுக்கே கல்லூரிக்குப் போகிற மகன் இருக்கிறான். அவள் அம்மா இறந்து நாற்பது நாள் ஆகிறது. பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று கேட்டாள்: "டீச்சர், முழங்கால் போட்டா ஜெபமே வர மாட்டேங்குது. இது பாவமா டீச்சர்?"

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் என் கதையைச் சொல்ல வேண்டும். அதை நான் பெற்ற பிள்ளைகளிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஓரம் என்பது உங்களுக்குத் தெரியும். சார் இருந்தவரை, வருஷா வருஷம் ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் பொறுக்கி வந்து, கொல்லையில் மணலைக் கூட்டிப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மூடிவிடுவார். தை பிறக்கும்போது கிழங்கு எடுப்போம். மூன்று வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் பாத்தி போட்டார். ஐப்பசியில், நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்க ஆராதனை அன்று பேய் மழை. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் நின்றது. வந்தவர்கள் எல்லாரும் "ஆண்டவருடைய சித்தம்" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அந்தச் சித்தத்தின் மேலும் கோபம், மழையின் மேலும் கோபம்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனேன். வாய் பாடும், உள்ளே ஒன்றும் இருக்காது. ராத்திரி படுக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடினால், "ஆண்டவரே" என்பதற்கு அடுத்த வார்த்தை வராது. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவள், ஜெபிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே சொல்ல வெட்கம். "டீச்சர் தைரியமா இருக்காங்க" என்று ஊர் சொன்னது. நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

தை மாதம், பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான்: "டீச்சரம்மா, சார் போட்ட பாத்தி அப்படியே கிடக்கே. கிழங்கப் புடுங்கிருவமா? இன்னும் விட்டா நாராப் போயிரும்."

எனக்குத் திடுக்கென்றது. அந்தப் பாத்தியை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

மண்வெட்டியால் மண்ணை விலக்கினான். வரிசை வரிசையாக, விரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாகக் கிழங்கு. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் ஊற்றியது யார்? நான் திட்டின அந்த மழைதான்.

வெளியூரில் வளர்கிற பேரப்பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். அவரை விதையை ஊன்றினால் சில நாளில் இலை காட்டும். பனங்கொட்டை அப்படி இல்லை. அதன் முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். பிற்பாடு மரமாகப் போகிற கருவையே மண்ணுக்குள் கொண்டு இறக்கும். கொட்டைக்குள் இருக்கிற சத்து அந்த வழியாகவே இறங்கிக் கிழங்காகத் திரளும். ஓலை மேலே வருவது அதற்குப் பிறகுதான். மாதக்கணக்கில், மேலே பார்க்கிறவர்களுக்கு வெறும் மணல் மட்டுமே தெரியும்.

வகுப்பில் ஈரப் பஞ்சில் அவரை விதை வைத்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? ஒரு வருஷம் ஒரு பையன் டவுசர் பையிலிருந்து பனங்கொட்டையை எடுத்து, "இதையும் வைங்க டீச்சர்" என்றான். "இது முளைக்கிறதுக்குள்ள பரீட்சையே வந்துரும்" என்று சொல்லி ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சீக்கிரம் முளைப்பதுதான் முளைப்பு என்று நான்தான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். எனக்கும் அப்படியே கற்றுக்கொடுத்துக்கொண்டேன்.

மாற்கு சுவிசேஷம் 4-ஆம் அதிகாரத்தில், தானாய் வளரும் விதையைப் பற்றி இயேசு சொன்ன ஒரு சின்ன உவமை உண்டு. மாற்குவில் மட்டும்தான் அது இருக்கிறது. அடுத்தது கடுகு விதை உவமை. ஓய்வுநாள் பள்ளியில் நான் எப்போதும் முதலாவதை வேகமாக முடித்துக் கடுகு விதைக்குப் போய்விடுவேன். அதற்குத்தான் பெரிய மரம் போட்ட படம் இருந்தது. விட்டுவிட்டுப் போன உவமையில், விதைத்தவன் தூங்குகிறான், எழுந்திருக்கிறான். விதை வளர்கிறது. எப்படி என்று அவனுக்கே தெரியாது.

அந்த மூன்று மாதமும் நான் செய்தது அவ்வளவுதான். தூங்கினேன், எழுந்தேன்.

அன்று கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். சார் போட்ட பாத்தி என்று சொல்லித்தான் கொடுத்தேன். எனக்கென்று ஒன்றை உரித்து வாயில் வைக்கும் முன், பழக்கத்தில் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று வந்தது. இரண்டே வார்த்தை. போதுமானதாக இருந்தது.

துக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை என்று தோன்றுகிற நாளில், கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

மகளே, நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். அது பாவம் இல்லை. ஜெபம் வராவிட்டால் சும்மா உட்கார்ந்திரு. மேலே ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கீழே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதே. மழையைத் திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள். ஆண்டவர் அதைக் கோபமாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு வேலி ஓரத்தில் ஒரே ஒரு கொட்டையை மட்டும் எடுக்காமல் விட்டேன். இப்போது சின்ன விசிறி மாதிரி ஓலை விட்டிருக்கிறது. பனை பலன் தரப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். எனக்கு 67 வயது. அதன் நுங்கை உங்கள் பிள்ளைகள் சாப்பிடட்டும்.

வருகிற தை மாதம் ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். இந்த வருஷமும் பாத்தி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்